பேராசிரியர், பிரதமர்: எரிக் வில்லியம்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் முதல் பிரதமர்கள் வரிசையில், சென்ற இதழில் டிரினிடாட் டொபாகோவின் எரிக் வில்லியம்ஸ் (1911–1981) பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தோம். 1956-ல் முதலமைச்சரானவர், 1962-ல் விடுதலை வந்ததும் பிரதமராகி, 1981-ல் இறக்கும்வரை பதவியில் இருந்தார். மொத்தம் 24 ஆண்டுகளுக்கும் மேல். கட்டுரையைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில், ஒரே பதிலில் அடங்குபவற்றைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

வரலாறு படித்த ஒருவர், கட்சி தொடங்கி எட்டே மாதத்தில் ஆட்சியைப் பிடித்தார் என்கிறீர்கள். இது எப்படிச் சாத்தியம்? (முதுகலை மாணவி, திருநெல்வேலி)

கட்சிக்குத்தான் எட்டு மாதம். அதற்கான அடித்தள வேலை 1954-லேயே தொடங்கிவிட்டது.

வில்லியம்ஸ் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அஞ்சல் துறைச் சிறு அலுவலர் ஒருவரின் 12 பிள்ளைகளில் மூத்தவர். ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே கிடைத்த தீவு உதவித்தொகையை வென்று, 1932-ல் ஆக்ஸ்ஃபோர்ட் போனார். 1935-ல் வரலாற்றில் முதல் வகுப்பு, 1938-ல் முனைவர் பட்டம். 1939 முதல் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். பிறகு கரீபியன் ஆணையத்தில் ஆய்வாளராகி, 1948-ல் டிரினிடாடுக்கே திரும்பினார். இந்த ஆணையம் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய நான்கு ஆளும் நாடுகளின் கூட்டு அமைப்பு. கரும்பு முதலாளிகளையும் காலனி ஆட்சியையும் விமர்சித்து எழுதும் ஒருவரை அது எத்தனை நாள் பொறுக்கும்? 1955 ஜூனில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

அதற்குள் அவர் ஊரறிந்த மேடைப் பேச்சாளர். 1954 நவம்பரில் பொது நூலகத்தில் அரிஸ்டாட்டிலின் கல்விக் கொள்கை பற்றி டாம் பேசில் மாத்யூஸ் என்ற துறவியோடு அவர் நடத்திய விவாதத்துக்குக் கூட்டம் அலைமோதியது. அரிஸ்டாட்டிலைக் கேட்கக் கூட்டம் கூடும் ஊரில் அரசியல் பேசினால் கேட்கமாட்டார்களா என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1955 ஜூன் 21 அன்று, சட்டமன்றக் கட்டடமான சிவப்பு மாளிகைக்கு எதிரே இருக்கும் உட்ஃபோர்ட் சதுக்கத்தில், ஆணையத்தோடு தனக்கு நடந்ததை ஆவணம் ஆவணமாக எடுத்துச் சொன்னார். 'என் வாளியை இங்கேயே, உங்களோடு, இறக்கப்போகிறேன்' என்று முடித்தார். வெளிநாட்டு வேலைக்குப் போகமாட்டேன் என்பது அதன் பொருள்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுத்தார். அரசியல் சட்டச் சீர்திருத்தம், நாட்டின் பொருளாதாரச் சிக்கல்கள், கரீபியனில் இன உறவுகளின் வரலாறு என ஒவ்வொரு உரைக்கும் ஒரே பொருள். புள்ளிவிவரமும் மேற்கோளும் குறையாது. உரைகளை ஆசிரியர்களின் சங்கம் ஒன்று சிறு நூல்களாக அச்சிட்டு விற்றது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நின்று கேட்டார்கள். சதுக்கத்துக்கு 'உட்ஃபோர்ட் சதுக்கப் பல்கலைக்கழகம்' என்றே பெயர் நிலைத்தது.

கேட்க வந்தவர்களைக் கட்சியாக்கியது அடுத்த படி. 1956 ஜனவரியில் மக்கள் தேசிய இயக்கம், சுருக்கமாக பி.என்.எம்., பிறந்தது. அடியில் தெரு அளவில் கட்சிக் குழு, அதற்கு மேல் தொகுதிக் குழு, பொதுக்குழு, ஆண்டு மாநாடு. எழுதி வைத்த கொள்கை அறிக்கை, சொந்த வார இதழ். இவற்றில் பலவும் அதுவரை அங்கே இல்லாதவை. அதற்கு முந்தைய தேர்தல்களில் தனி ஆட்களின் செல்வாக்கும், ஆளாளுக்கு ஒரு கூட்டணியும்தான் வேலை செய்தன. கட்டுக்கோப்பான ஒரு கட்சி, சிதறிக் கிடந்த போட்டியாளர்களுக்கு நடுவே நின்றது. செப்டம்பர் 24 தேர்தலில் சுமார் 39 சதவீத வாக்குகளோடு 24-ல் 13 இடங்கள் கிடைத்தன.

24-ல் 13 என்றால் பெரும்பான்மைதானே? 'நெருக்கடி' என்று எழுதியிருந்தீர்களே? (வாசகர், ஈரோடு)

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 24 பேர். ஆளுநர் நியமிக்கும் உறுப்பினர்கள் 5, பதவி வழியாக வரும் அதிகாரிகள் 2. சபை மொத்தம் 31. பெரும்பான்மைக்கு 16 வேண்டும்; கையில் 13.

கூட்டணி வேண்டாம் என்பதில் வில்லியம்ஸ் உறுதியாக நின்றார். நியமன உறுப்பினர்களில் இருவரைத் தன் பரிந்துரைப்படி நியமிக்க வேண்டும், இரண்டு அதிகாரிகளும் அரசோடு வாக்களிக்க வேண்டும் என்று கேட்டார். ஆளுநர் பீத்தமும் லண்டன் காலனி அலுவலகமும் ஒப்புக்கொண்டன. 13, 2, 2: மொத்தம் 17. நியமன முறையை மேடை மேடையாகத் தாக்கியவர், அதே முறையின் தயவில்தான் முதல் அமைச்சரவையை அமைத்தார். லண்டன் மறுத்திருந்தால், மறுபடியும் பழைய கூட்டணிக் குழப்பம்தான்.

அவருடைய 'முதலாளித்துவமும் அடிமைமுறையும்' நூல் என்ன சொல்கிறது? இன்றைய ஆய்வாளர்கள் அதை ஏற்கிறார்களா? (கல்லூரி ஆசிரியர், மதுரை)

1938-ன் ஆய்வேட்டை விரித்து எழுதி, 1944-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக வெளியிட்டார். அதற்கு அவரே 700 டாலர் பங்கு கட்ட வேண்டியிருந்தது. பிரிட்டனில் 20 ஆண்டு கழித்து, 1964-ல்தான் பதிப்பு வந்தது. 2022-ல் மறுபதிப்பானபோது அங்கே விற்பனைப் பட்டியலில் ஏறியது.

நூலில் இரண்டு வாதங்கள். ஒன்று: அடிமை வணிகமும் கரும்புத் தோட்டங்களும் ஈட்டிய பணம் லிவர்பூல், பிரிஸ்டல் துறைமுகங்கள் வழியாக வங்கிக்கும் காப்பீட்டுக்கும் ஆலைக்கும் போய், பிரிட்டனின் தொழிற்புரட்சிக்குத் தீனி போட்டது. இரண்டு: அடிமைமுறை ஒழிந்தது அறவோர் பிரசாரத்தால் மட்டும் இல்லை, அது லாபம் தராமல் போனதால். அமெரிக்கக் காலனிகள் பிரிந்த பின் பிரிட்டிஷ் கரீபியன் சர்க்கரை நலிந்தது. சலுகை வரியால் அதன் விலை மட்டும் இறங்கவில்லை. மலிவான சர்க்கரையும் தடையற்ற வணிகமும் கேட்ட ஆலை முதலாளிகளுக்குத் தோட்ட முதலாளிகள் சுமையாகிப் போனார்கள். தாக்குதல் மூன்று கட்டமாக வந்தது: 1807-ல் அடிமை வணிகத் தடை, 1833-ல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம், 1846-ல் சர்க்கரை வரிச் சலுகையின் முடிவு. இந்த மூன்றையும் ஒரே சங்கிலியாகப் படிக்கச் சொன்னதில்தான் நூலின் வலிமை இருக்கிறது.

எதிர்ப்பும் வலுவானது. 1807-ல் அடிமை வணிகம் நலியவில்லை, வளர்ந்துகொண்டுதான் இருந்தது என்று 1977-ல் சீமோர் டிரெஷர் புள்ளிவிவரத்தோடு எழுதினார். அடிமை வணிக லாபம் பிரிட்டனின் மொத்த முதலீட்டில் சிறு பங்குதான் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. இரண்டாம் வாதம் அவர் சொன்ன வடிவில் இன்று நிற்பது கடினம் என்பதே எங்கள் கருத்து. முதல் வாதத்தில் அளவு பற்றித்தான் சண்டை. தொடர்பு உண்டு என்பதை மறுப்பவர்கள் குறைவு. விடுதலைச் சட்டத்தின்போது பிரிட்டன் கொடுத்த 2 கோடி பவுண்டு இழப்பீடு முழுவதும் உடைமையாளர்களுக்குத்தான் போனது, அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இதைப் படித்த பிறகு பழைய பாடப்புத்தகத்தின் கருணைக் கதையை யாரும் அப்படியே நம்ப முடியாது.

டிரினிடாடில் இந்தியர்கள் பெருந்தொகையாக இருக்கிறார்களே, வில்லியம்ஸ் அவர்களுக்கு விரோதியா? தமிழர்கள் உண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது.

1845 மே 30 அன்று ஃபத்தேல் ரசாக் கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியது. 1917-ல் அந்த முறை நிற்கும்வரை 1,40,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரி, அவதி பேசுவோர். சென்னையிலிருந்து போனவர்கள் சிறுபான்மை. அவர்களை அங்கே 'மதராஸி' என்பார்கள். பேச்சில் தமிழ் மறைந்துவிட்டது. காளி வழிபாட்டிலும் சில குடும்பப் பெயர்களிலும் தடம் இருக்கிறது. தமிழ் அடையாளம் இதைவிடத் தெளிவாக நிலைத்தது கயானாவிலும் மார்த்தினிக், குவாடலூப் தீவுகளிலும்தான்.

1960 கணக்கெடுப்பில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் சுமார் 43 சதவீதம், இந்திய வம்சாவளியினர் சுமார் 36. பி.என்.எம். நகரத்துக் கட்சி. கரோனி, குவா, நாபரிமா என்று நீளும் கரும்புப் பகுதியில் செல்வாக்கு பதாசே சகன் மராஜிடம் இருந்தது. கரும்புத் தொழிற்சங்கம், இந்து மகாசபை இரண்டும் அவர் கையில். அரசுப் பள்ளி எட்டாத சிற்றூர்களில் மகாசபை பள்ளிகளைக் கட்டியவர் அவர். அந்த மக்களுக்கு யார் மேல் நம்பிக்கை வரும் என்று சொல்லத் தேவையில்லை.

வில்லியம்ஸின் முதல் அமைச்சரவையிலேயே கமாலுதீன் முகமது, வின்ஸ்டன் மஹாபீர் என இரண்டு இந்திய வம்சாவளியினர் இருந்தார்கள். முஸ்லிம்களிலும் கிறிஸ்தவ இந்தியர்களிலும் அவருக்கு ஆதரவு உண்டு. கிராமத்து இந்துக்கள் மட்டும் வரவில்லை. பிரிட்டிஷ் கரீபியன் தீவுகள் சேர்ந்து அமைத்த கூட்டாட்சிக்கு 1958 மார்ச் 25 அன்று நடந்த தேர்தலில் டிரினிடாடின் 10 இடங்களில் 6-ஐ எதிரணி வென்றது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 1 அன்று, அதே சதுக்கத்தில் அவர் பேசினார். இனத்தைக் காட்டி ஓட்டுக் கேட்ட எதிரணியைக் கண்டித்தவர், தனக்கு ஓட்டுப் போடாத இந்தியர்களை 'அடங்காத, பகைமை கொண்ட சிறுபான்மை' என்ற பொருளில் சாடினார். எதிரணியின் பிரசாரத்தில் இனவாதம் இருந்தது உண்மை. ஆனால் நாட்டின் தலைவர் தோற்ற ஆத்திரத்தில் ஒரு சமூகத்தையே சுட்டியது பெருந்தவறு. அறுபது ஆண்டு கடந்தும் அந்த வரியைத் தேர்தல் மேடைகளில் எடுத்துப் படிக்கிறார்கள்.

அடுத்து 1961 டிசம்பர் தேர்தல். வாக்குப்பெட்டிக்குப் பதில் இயந்திரம் வந்தது, தொகுதி எல்லைகளும் மாற்றி வரையப்பட்டன. எதிர்க்கட்சி இரண்டையும் சந்தேகித்தது. பி.என்.எம். 30-ல் 20. எதிர்க்கட்சித் தலைவர் ருத்ரநாத் கபில்தேவ் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இரு அறிஞர்கள் எதிரெதிராக நின்ற நாட்டில் தெருவில் கல் பறந்தது.

1962 கோடையில் லண்டன் மார்ல்பரோ மாளிகையில் நடந்த அரசியல் சட்ட மாநாடும் முட்டுக்கட்டையில்தான் நின்றது. தேநீர் இடைவேளையில் வில்லியம்ஸ் தானே கபில்தேவிடம் போய்ப் பேசினார். முக்கியமான பிரிவுகளை மாற்றக் கீழவையில் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும், பெரிய விஷயங்களில் எதிர்க்கட்சித் தலைவரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பன போன்ற பாதுகாப்புகள் ஏற்கப்பட்டன. ஆகஸ்ட் 31 அன்று நாடு அமைதியாக விடுதலை பெற்றது. அண்டை கயானாவில் 1962 முதல் 1964 வரை ஓடிய இரத்தத்தை நினைத்தால், அந்தத் தேநீர் இடைவேளையின் மதிப்பு புரியும். விரோதி என்று அவரை ஒரே சொல்லில் அடைக்க முடியாது. எல்லோருக்கும் தலைவராக இருந்தார் என்றும் சொல்ல முடியாது.

'பத்தில் ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம்' என்றாராமே, என்ன கணக்கு? (மாணவர், கோவை)

1958 ஜனவரியில் 10 பிரிட்டிஷ் தீவுப் பிரதேசங்கள் சேர்ந்து மேற்கிந்தியக் கூட்டாட்சி அமைத்தன. தொடக்கத்திலேயே அது ஊனமானது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வருமான வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. உறுப்புத் தீவுகள் தரும் பங்குத் தொகையில் காலம் தள்ள வேண்டும். ஜமைக்காவின் நார்மன் மேன்லியும் டிரினிடாடின் வில்லியம்ஸும் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கே போகாமல் தத்தம் தீவில் இருந்துகொண்டார்கள். வலுவான மையம் வேண்டும் என்றார் வில்லியம்ஸ். பலவீனமான மையம் போதும் என்றது ஜமைக்கா.

1961 செப்டம்பர் 19 பொதுவாக்கெடுப்பில் ஜமைக்கா மக்கள் 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றனர். அப்போது வில்லியம்ஸ் சொன்னது அந்த வாசகம். ஜமைக்கா போனால் மிஞ்சும் ஒன்பதில் பணமுள்ள தீவு டிரினிடாட் மட்டும். எட்டுத் தீவுகளின் செலவும் தன் தலையில் விழும் என்பதுதான் கணக்கு. 1962 மே 31-ல் கூட்டாட்சி கலைந்தது. பின்னாளில் வட்டார ஒத்துழைப்புக்குப் பணமும் இடமும் தந்தவரும் அவரே. 1973 ஜூலை 4-ல் கரீபியன் சமூகமான காரிகாம் ஒப்பந்தம் கையெழுத்தானது டிரினிடாடின் சகுவாராமஸில்தான்.

அந்தச் சகுவாராமஸில் அமெரிக்கக் கடற்படைத் தளம் இருந்ததல்லவா? (வாசகர், தூத்துக்குடி)

ஆம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த இடம். கூட்டாட்சித் தலைநகருக்கு அந்த இடம் தேர்வானதும் அமெரிக்கா மறுத்தது. 1960 ஏப்ரல் 22 அன்று கொட்டும் மழையில் வில்லியம்ஸ் பேரணி நடத்தினார். 1961 தொடக்கத்தில் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுத்தர ஒப்பந்தமானது.

பள்ளிக் கல்வியில் அவர் செய்தது என்ன? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்)

1960-ல் உயர்நிலைக் கல்விக் கட்டணத்தை ஒழித்தார். 1961-ல் 11 வயதுக்கான பொது நுழைவுத் தேர்வு வந்தது. முன்பு பணமும் பரிந்துரையும் இருந்தவர் பிள்ளைக்கே கிடைத்த இடம், மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது.

நல்ல பள்ளிகள் பலவும் திருச்சபைகளின் கையில் இருந்தன. அவற்றை அரசுடைமையாக்கினால் கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே எதிர்ப்பார்கள். ஆகவே 1960 டிசம்பரில் 'கன்கார்டட்' உடன்பாடு. கட்டடமும் நிர்வாகமும் மதநிறுவனங்களிடமே இருக்கும். சம்பளம் அரசு தரும். உயர்நிலைப் பள்ளியின் 80 சதவீத இடங்கள் அரசுத் தேர்வுப் பட்டியல்படி, 20 சதவீதம் தலைமையாசிரியர் விருப்பப்படி. ஒழுக்கம் அல்லது மதக் காரணத்தால் ஓர் ஆசிரியரை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. அந்த 20 சதவீதம் பற்றிய புகார் இன்றுவரை ஓயவில்லை.

பிசகியது இடப்பற்றாக்குறையில். தேர்வில் தேறாத 11 வயதுப் பிள்ளைக்குப் போக இடமில்லை. 1970-களில் அவசரமாகக் கட்டிய இளநிலை உயர்நிலைப் பள்ளிகளில் காலை ஓர் அணி, மதியம் ஓர் அணி என்று நடத்தினார்கள். பாதி நாள் வீதியில் நின்ற பிள்ளைகளைப் பெற்றோர் மறக்கவில்லை.

கறுப்பின ஆட்சிக்கு எதிராகவே 'கறுப்பர் அதிகாரம்' இயக்கம் எழுந்தது எப்படி? (வாசகர், சென்னை)

விடுதலைக்கு எட்டு ஆண்டு கழிந்தும் வங்கிகளும் எண்ணெயும் சர்க்கரையும் வெளிநாட்டவர் கையில். வங்கி முகப்பில் கறுப்பினப் பணியாளரைக் காண்பதே அரிது. படித்த இளைஞர்களுக்கு வேலை இல்லை. மாண்ட்ரியலில் சர் ஜார்ஜ் வில்லியம்ஸ் பல்கலைக்கழகத்தில் நிறவெறியை எதிர்த்த கரீபியன் மாணவர்கள் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதைக் கண்டித்து 1970 பிப்ரவரி 26-ல் ஊர்வலம் கனடா வங்கிக்குப் போய், கத்தோலிக்கப் பேராலயத்துக்குள் நுழைந்தது. மார்ச் 12-ல் தலைநகரிலிருந்து கரோனி கரும்புப் பகுதிக்கு 'இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒன்றுபடுவோம்' என்ற முழக்கத்தோடு நடந்தார்கள். ஏப்ரல் 6-ல் பேசில் டேவிஸ் என்ற இளைஞர் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். 13-ல் பி.என்.எம். துணைத் தலைவர் ஏ.என்.ஆர். ராபின்சன் அமைச்சரவையிலிருந்து விலகினார்.

கரும்புத் தொழிலாளர் தலைநகருக்கு ஊர்வலம் வர இருந்த ஏப்ரல் 21 விடியலில் நெருக்கடி நிலை. தலைவர்கள் கைதானார்கள். அன்றே டெட்ரான் முகாமில் ராஃபிக் ஷா, ரெக்ஸ் லசால் என்ற இளம் அதிகாரிகள் தலைமையில் படை கிளர்ந்தது. முகாமிலிருந்து நகருக்கு வருவது ஒற்றைக் கடலோரச் சாலை. கடலோரக் காவல்படைக் கப்பல் சாலையோர மலைச்சரிவில் சுட்டு வழியை அடைத்தது. படை நகருக்குள் வர முடியாமல் போனதற்கு இந்த நிலவமைப்புதான் பெரிய காரணம்.

தண்டிக்கப்பட்ட ஷா மேல்முறையீட்டில் விடுதலையாகி, 1976-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். வில்லியம்ஸ் ஆட்சியை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்தவர் அதே ஆட்சிக் காலத்தில் எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்தார்.

1971-ல் 36-க்கு 36 வென்றது அவர் புகழின் உச்சமா? (வாசகர், சேலம்)

இல்லை. எதிர்க்கட்சிகள் புறக்கணித்த தேர்தல் அது. வாக்குப்பதிவு சுமார் 33 சதவீதம். எதிர் வரிசை இல்லாத சபையில் முடிவெடுப்பது அவருக்கே பாரமானது. 1973 செப்டம்பரில் விலகப்போவதாக அறிவித்து, டிசம்பரில் திரும்பிவந்தார். நடுவில் உலக எண்ணெய் விலை ஏறியிருந்தது.

எண்ணெய்ப் பணம் என்னவாயிற்று? (கணக்காளர், திருப்பூர்)

முன்பே தொடங்கியிருந்த அரசுடைமையாக்கம் வேகமெடுத்தது. 1974-ல் ஷெல் நிறுவனத்தின் சொத்துகள், 1975-ல் கரோனி சர்க்கரை நிறுவனம் முழுவதும் அரசுக்கு வந்தன. கிணற்று வாயில் எரித்து வீணாக்கிய இயற்கை வாயுவைத் தொழிலாக்குவதுதான் அவர் பிடித்த வழி. முன்பு கரும்பு விளைந்த பாயின்ட் லிசாஸில் துறைமுகம், மின் நிலையம், அம்மோனியா ஆலைகள், இரும்பு ஆலை. வாயுவே அம்மோனியாவின் மூலப்பொருளும் எரிபொருளும் என்பதால் அந்த ஆலைகள் பிழைத்தன. பல ஆண்டுகள் நாட்டைத் தாங்கின. இரும்பு ஆலை திணறியது. தாது பிரேசிலிலிருந்து வர வேண்டும், சந்தையோ அமெரிக்கா; அங்கே உள்ளூர் ஆலைகள் குவிப்புத் தடை வரி (மிகக் குறைந்த விலையில் வரும் இறக்குமதிக்கு எதிரான வரி) கேட்டு வழக்குப் போட்டன. உள்ளூரில் ஒன்றுமே கிடைக்காத மூலப்பொருளை நம்பி ஆலை போட்டதுதான் பிழை.

மீதிப் பணம் மானியம், சம்பள உயர்வு, பெருங்கட்டடங்கள் என்று போயிற்று. டெண்டர் தாமதத்தைத் தவிர்க்க, வெளிநாட்டு அரசுகளோடு நேரடி ஒப்பந்தம் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். போட்டி விலை இல்லாததால் மதிப்பீடுகள் எகிறின. ஊழல் குற்றச்சாட்டுகள் குவிந்தன. 1980-களில் எண்ணெய் விலை சரிந்தபோது அதன் பலனை அவர் வாரிசுகள் அனுபவித்தார்கள். 1986-ல் ராபின்சன் தலைமையிலான அணி 36-ல் 33-ஐ அள்ளியது.

படங்களில் எப்போதும் கறுப்புக் கண்ணாடி, காதில் ஒரு கருவி, ஏன்? (வாசகி, நாகர்கோவில்)

பள்ளிக் காலத்தில் கால்பந்து ஆட்டத்தில் பட்ட அடியில் செவித்திறன் குறைந்தது. காதில் இருப்பது கேட்புக் கருவி. பிடிக்காத பேச்சு வந்தால் அதை அணைத்துவிடுவார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. கறுப்புக் கண்ணாடி அவர் பொதுத் தோற்றத்தின் நிரந்தரப் பகுதியாகிவிட்டது.

அவருக்குப் பின் யார்? (வாசகர், புதுச்சேரி)

1981 மார்ச் 29 அன்று நீரிழிவு முற்றி, மருத்துவ உதவியை நாடாமலேயே, பிரதமர் இல்லத்தில் இறந்தார். வயது 69. வாரிசு யாரென்று சொல்லிவைக்கவில்லை. கட்சிக்கு மூன்று துணைத் தலைவர்கள்: கமாலுதீன் முகமது, எரல் மஹாபீர், ஜார்ஜ் சேம்பர்ஸ். முகமது 1956-லிருந்தே அமைச்சராக இருந்தவர், மூவரிலும் மூத்தவர். குடியரசுத் தலைவர் எல்லிஸ் கிளார்க் அழைத்தது சேம்பர்ஸை. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிரதமருக்கு நாடு 1995-ல் பாஸ்தியோ பாண்டே வரும்வரை காத்திருந்தது.

அவரைப் படிக்க எங்கே தொடங்குவது? (முதுகலை மாணவி, திருநெல்வேலி)

ஆய்வுக்கு என்றால் 'முதலாளித்துவமும் அடிமைமுறையும்' நூலின் கடைசி அதிகாரத்தை முதலில் படித்துவிட்டு முன்னுக்குப் போங்கள்; வாதத்தின் வரைபடம் அங்கே இருக்கிறது. பிறகு டிரெஷரின் மறுப்பு. அரசியல்வாதியாகப் புரிந்துகொள்ள 1955 ஜூன் 21 உரையும் 1961-ன் 'மாஸா காலம் முடிந்தது' உரையும் போதும் ('மாஸா' என்பது அடிமைகள் எசமானரை அழைத்த சொல்). 1969-ல் வந்த தன்வரலாற்றைக் கடைசியில் வையுங்கள். அதில் அவர் தனக்குத் தானே வழக்கறிஞராக வாதாடுகிறார். அவருடைய நூலகமும் தாள்களும் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் செயின்ட் அகஸ்டின் வளாகத்தில் உள்ளன. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 1999-ல் சேர்ந்த தொகுப்பு அது.